பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு: தலைமைச் செயல் அதிகாரி ஒரு பெருநிறுவனத்தை மாற்றுவது எப்படி?

ஒரு கார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி தம் கையால் ஒரு திருகாணியைக்கூட முடுக்குவதில்லை. காரை வரைபவர் வேறு, எஞ்சினைச் சோதிப்பவர் வேறு, தகட்டை அச்சில் அழுத்துபவர் வேறு, ஷோரூமில் நின்று விலை பேசுபவர் வேறு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில், அவர் ஒரு வாரத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசக்கூடியவர்கள் சில டஜன் பேர் மட்டுமே. அப்படியிருந்தும், புதியவர் பொறுப்பேற்றார், நிறுவனம் நிமிர்ந்தது என்று வணிகப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை, இந்தத் துறைக்குப் புதியவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல முயல்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் இது தலைவர்களைப் பற்றிய புகழுரையாக முடிந்துவிடும் என்பதால், ஒரே ஒரு நிறுவனத்தையும் ஒரே ஒரு மனிதரையும் எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் ஃபோர்டு மோட்டார் நிறுவனம், 2006 முதல் 2014 வரை அதற்குத் தலைமை தாங்கிய ஆலன் முலாலி.

அதற்கு முன், இந்தப் பதவி என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு பெருநிறுவனத்தின் உரிமையாளர்கள் அதன் பங்குதாரர்கள். லட்சக்கணக்கான பங்குதாரர்கள் ஒன்றுகூடி அன்றாட முடிவுகளை எடுக்க முடியாது என்பதால், அவர்கள் சார்பில் ஓர் இயக்குநர் குழு இருக்கிறது. அந்தக் குழு, நிறுவனத்தை நடத்துவதற்கென்று ஒருவரை நியமிக்கிறது. அவரே தலைமைச் செயல் அதிகாரி. அவரை நீக்கும் அதிகாரமும் அந்தக் குழுவிடமே இருக்கிறது. நிதி, பொறியியல், உற்பத்தி, விற்பனை, மனிதவளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைவர்கள் இருப்பதால், அவர் தாமாக முடிவு செய்யக்கூடியவை நாம் நினைப்பதைவிடக் குறைவு. பணம் எந்த வேலைக்குப் போகிறது, எந்தத் தொழிலை வைத்துக்கொள்வது, எதை விற்பது, உயர் பதவிகளில் யார் இருப்பது, கூட்டத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, பதில் சொன்னவருக்கு அதன் பிறகு என்ன நேர்கிறது என்பவைதான் அவர் கையில் இருப்பவை. கடைசியாகச் சொன்னது பார்வைக்கு மிகச் சிறியது. ஆனால் ஃபோர்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, மற்ற எல்லாமே அதைச் சார்ந்துதான் நிற்கின்றன என்ற முடிவுக்கே நான் வந்திருக்கிறேன்.

2006இல் ஃபோர்டு

1903இல் ஹென்றி ஃபோர்டு தொடங்கிய நிறுவனம் அது. 2006இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் அவருடைய கொள்ளுப்பேரன் பில் ஃபோர்டு. 1990களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற வாகனங்களில் நான்கில் ஒன்று ஃபோர்டு நிறுவனத்துடையது. 2006இல் அந்தப் பங்கு ஏறத்தாழ 17 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. லாபத்தின் பெரும்பகுதி பிக்கப் டிரக்குகளிலிருந்தும் பெரிய எஸ்யூவிகளிலிருந்தும் வந்துகொண்டிருந்ததால், சிறிய கார்களைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்கப் பிரிவில் யாருக்கும் இல்லாமல் போயிருந்தது. பெட்ரோல் விலை ஏறத் தொடங்கியதும் அந்த லாபம் கரைந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் நிறுவனத்தின் நஷ்டம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. அதாவது ஒவ்வொரு நாளும் 3 கோடி டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

பணம் போவதைவிட ஆபத்தான ஒன்றும் உள்ளே நடந்துகொண்டிருந்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று ஒவ்வொரு பிரிவும் ஒரு தனிப் பாளையமாக இயங்கியது. அமெரிக்காவில் ஃபோகஸ் என்ற பெயரில் விற்ற காரும், ஐரோப்பாவில் அதே பெயரில் விற்ற காரும், 2004க்குப் பிறகு வெவ்வேறு அடித்தளத்தின் மேல் கட்டப்பட்ட வெவ்வேறு கார்கள். கார்த் தொழிலில் அடித்தளம் என்பது, மேலே தெரியும் உடலுக்குக் கீழே இருக்கும் தளச்சட்டம், சஸ்பென்ஷன், எஞ்சின் பொருந்தும் இடம் ஆகியவற்றின் தொகுப்பு. ஒரு புதிய காருக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு இதை உருவாக்குவதற்கும் சோதிப்பதற்குமே போகிறது. ஒரே காரை இரண்டு முறை கண்டுபிடிக்க இரண்டு முறை செலவழித்தது அந்த நிறுவனம். அதன் மேல், ஜாகுவார், லேண்ட் ரோவர், ஆஸ்டன் மார்ட்டின், வால்வோ என்று வாங்கிச் சேர்த்த விலையுயர்ந்த பிராண்டுகள் வேறு; அவற்றைக் கவனிப்பதிலேயே உயர் அதிகாரிகளின் நேரமும் நிறுவனத்தின் பணமும் சென்றன.

2006 செப்டம்பரில் பில் ஃபோர்டு ஒரு முடிவெடுத்தார். தம்மால் இதைத் திருப்ப முடியவில்லை என்பதை உணர்ந்து, இயக்குநர் குழுவின் செயல் தலைவர் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, தலைமைச் செயல் அதிகாரி பதவியை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தார். நிறுவனத்தின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர் எடுத்த முடிவு இது என்பதை இங்கே நின்று கவனிக்க வேண்டும். ஃபோர்டு குடும்பத்திடம் சிறப்புப் பங்குகள் வழியாக ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குரிமை இருந்தது. அவர் விரும்பியிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்திருக்கலாம். முலாலியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ, இந்த மாற்றத்தின் முதல் செயல் இதுதான் என்று தோன்றுகிறது.

விமானம் கட்டியவர் காருக்கு வந்தார்

முலாலி கார்த் தொழிலைச் சேர்ந்தவர் அல்லர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் படித்தவர். 1969இல் போயிங் நிறுவனத்தில் சேர்ந்து, 37 ஆண்டுகள் அங்கேயே இருந்து, 777 விமானத் திட்டத்தை நடத்தி, பின்னர் பயணிகள் விமானப் பிரிவு முழுவதற்கும் தலைவரானவர். 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு விமான ஆர்டர்கள் சரிந்தபோது, உற்பத்தியைப் பாதியளவுக்குக் குறைத்து அந்தப் பிரிவைக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. லட்சக்கணக்கான பாகங்கள் சேர்ந்து ஒரு விமானமாகப் பறக்க வேண்டுமென்றால், இறக்கைக் குழுவின் சிக்கல் எஞ்சின் குழுவுக்கு அன்றே தெரிய வேண்டும். மறைத்தால் அது வானத்தில்தான் வெளிப்படும். அந்தப் பழக்கத்தோடுதான் அவர் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரிலுள்ள ஃபோர்டு தலைமையகத்துக்கு வந்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை ஆட்களை நீக்குவதன்று. முந்தைய அதிகாரிகள் குழுவில் பெரும்பாலோரை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் கூடும் முறையை மாற்றினார். அதுவரை நடந்த கூட்டங்களுக்குத் தடித்த கோப்புகள் வரும். கூட்டத்துக்கு முன் என்ன சொல்வது என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் நடக்கும். எண்களை விளக்க உதவியாளர்கள் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவற்றுக்குப் பதிலாக முலாலி ஒரே ஒரு வாராந்தரக் கூட்டத்தை வைத்தார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். தங்கள் பிரிவின் நிலையைத் தாங்களே சொல்ல வேண்டும். உதவியாளரைக் கொண்டு சொல்லக் கூடாது. பக்கத்திலிருப்பவரோடு தனிப்பேச்சு கூடாது. அடுத்தவரைக் கேலி செய்யக் கூடாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நிறம் தர வேண்டும்: திட்டப்படி போனால் பச்சை, தடுமாறினாலும் சரிசெய்யும் வழி தெரிந்தால் மஞ்சள், தடுமாறுகிறது, வழியும் இன்னும் தெரியவில்லை என்றால் சிவப்பு.

தொடக்க வாரங்களில் வந்த தாள்கள் எல்லாமே பச்சையாக இருந்தன. வரலாறு காணாத நஷ்டத்தில் போய்க்கொண்டிருக்கும் ஒரு நிறுவனத்தில், ஒவ்வொரு பிரிவும் திட்டப்படியே நடப்பதாக அறிக்கை வந்தது. இத்தனை கோடி போகும்போது சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டுப் பார்த்தார். அறை அமைதியாக இருந்தது.

அந்த அதிகாரிகளைப் பொய்யர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மாத அறிக்கையில் 'தாமதம்' என்ற சொல்லை எழுதவே கூடாது, 'நடவடிக்கையில் உள்ளது' என்றுதான் எழுத வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் எனக்கு உண்மையான அக்கறையோடு சொல்லிக்கொடுத்தார். தாமதம் என்று எழுதியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் பார்த்திருந்தார். ஃபோர்டிலும் அப்படித்தான். சிக்கலை ஒப்புக்கொள்வது பலவீனம், அடுத்த பதவிக்குப் போட்டியிடுபவன் கையில் அது ஆயுதமாகும் என்று அவர்களுக்குப் பல ஆண்டு அனுபவம் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் கீழே ஆலையில் இருப்பவருக்குத் தெரிந்த கோளாறு, படிப்படியாக மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் சற்று நிறம் மாறி, உச்சிக்கு வரும்போது பச்சையாகிவிடும். பெருநிறுவனம் நோயுறுவது பெரும்பாலும் இப்படித்தான்: சிக்கலைத் தெரிந்தவரிடம் தீர்க்கும் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குச் சிக்கல் தெரிவதில்லை.

அந்தப் பச்சை வரிசையை முதலில் உடைத்தவர் மார்க் ஃபீல்ட்ஸ். வட, தென் அமெரிக்கப் பிரிவின் தலைவர்; முலாலிக்குக் கிடைத்த பதவிக்குத் தகுதியானவராகக் கருதப்பட்டவர். கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புதிய வாகனம் வெளிவரவிருந்த நேரத்தில், சோதனையில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு தெரிந்தது. வாகனங்களை அனுப்புவதை நிறுத்திவைத்துவிட்டு, வியாழக்கிழமைத் தாளில் சிவப்பைக் காட்டினார் அவர். அறையிலிருந்த மற்றவர்கள், இவர் கதை இன்றோடு முடிந்தது என்றே நினைத்தார்களாம். முலாலி கைதட்டினார். வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி கூறிவிட்டு, இதற்கு யார் உதவ முடியும் என்று மேசையைச் சுற்றிக் கேட்டார். தரப் பிரிவிலிருந்தும் பொறியியல் பிரிவிலிருந்தும் உடனே உதவிக்கு ஆட்கள் முன்வந்தார்கள்.

ஒரு கைதட்டலில் பழக்கம் மாறிவிடவில்லை என்பதும் முக்கியம். அடுத்த வாரமும் மற்றவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். ஃபீல்ட்ஸ் அதே பதவியில், அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். அதைக் கண்ணால் கண்ட பிறகே அவர்கள் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. ஒரு தலைவர் சொல்லும் கொள்கையை யாரும் நம்புவதில்லை. முதலில் துணிந்தவருக்கு அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்பதைத்தான் நம்புகிறார்கள். ஃபீல்ட்ஸுக்கு அந்தச் சிவப்பால் கெடுதல் நேரவில்லை. 2014இல் முலாலிக்குப் பின் தலைமைச் செயல் அதிகாரியானவர் அவர்தான்.

பணமும் பிரிவும்

உண்மை மேசைக்கு வந்தால் மட்டும் போதாது. அதை வைத்து முடிவெடுக்கப் பணமும் வேண்டும். 2006 இறுதியில் ஃபோர்டு, வங்கிகளிடமும் முதலீட்டாளர்களிடமும் 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் வசதியைத் திரட்டியது. அதைக் கட்டமைத்தவர்கள் நிதிப் பிரிவினர். திட்டத்தை வங்கியாளர்களுக்கு எடுத்துச்சொல்லி நம்பவைத்தவர்களில் முலாலியும் ஒருவர். இதற்கு ஈடாக ஆலைகள், இயந்திரங்கள், துணை நிறுவனப் பங்குகள், காப்புரிமைகள், இவற்றோடு நீல நீள்வட்டத்துக்குள் ஃபோர்டு என்று எழுதிய அந்தப் பெயர்ச் சின்னத்தையும் அடமானம் வைத்தார்கள். வீட்டையும் நிலத்தையும் வைத்தபின் தாலியையும் வைப்பதுபோல என்றால், நம்மவர்களுக்கு அதன் கனம் புரியும். அன்றைக்கு இது தோல்வியின் அடையாளமாகவே பலருக்குத் தோன்றியது. ஆனால் கடன் மலிவாகக் கிடைத்த காலத்தின் கடைசிப் பகுதி அது. இரண்டு ஆண்டுகள் கழித்து உலகின் எந்த வங்கியும் எந்தக் கார் நிறுவனத்துக்கும் அப்படியொரு தொகையைக் கொடுத்திருக்காது.

அடுத்தது விற்பனை. ஆஸ்டன் மார்ட்டின் 2007இல் போனது. ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008இல் 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. ஃபோர்டு அவ்விரண்டையும் வாங்குவதற்குக் கொடுத்திருந்த விலையில் அது பாதிக்கும் குறைவு. வால்வோ 2010இல் சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குப் போனது. மாஸ்டாவில் வைத்திருந்த பங்கில் பெரும்பகுதியை விற்றார்கள். 1930களின் இறுதியில் ஃபோர்டே தொடங்கிய மெர்க்குரி பிராண்டை மூட 2010இல் முடிவெடுத்தார்கள். நஷ்டத்துக்கு விற்பது என்பது முந்தைய தலைமையின் தவற்றை ஊரறிய ஒப்புக்கொள்வது. உள்ளேயே வளர்ந்த ஒருவருக்கு அது மிகக் கடினம், ஏனென்றால் வாங்கிய முடிவில் அவருக்கோ அவரை வளர்த்தவருக்கோ பங்கிருந்திருக்கும். வெளியிலிருந்து வருபவருக்கு இருக்கும் உண்மையான வசதி இந்தச் சுமையின்மைதான்.

மீதமிருந்த ஃபோர்டு பெயரைச் சுற்றி எல்லாவற்றையும் ஒன்றாக்குவதே அவருடைய திட்டம். 'ஒரே ஃபோர்டு' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டு, ஒரே குழு, ஒரே திட்டம், ஒரே இலக்கு என்று சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு ஓர் அட்டை அச்சடித்து ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். அட்டைகளை எல்லா நிறுவனங்களும் அச்சடிக்கின்றன. இங்கே அதற்குப் பின்னால் பொறியியல் முடிவு இருந்தது. ஃபியஸ்டா, ஃபோகஸ் போன்ற கார்களை இனி உலகம் முழுவதற்கும் ஒரே அடித்தளத்தில் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். டாரஸ் என்ற கார் 1992 முதல் 1996 வரை அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற காராக இருந்து, பின் கவனிப்பாரற்று, 2006இல் நிறுத்தப்பட்டது. மக்கள் நெஞ்சில் நின்ற ஒரு பெயரை ஏன் தூக்கியெறிய வேண்டும் என்று கேட்ட முலாலி, ஃபைவ் ஹண்ட்ரட் என்ற பெயரில் விற்காமல் நின்ற காருக்கு 2007இல் அந்தப் பெயரைச் சூட்டவைத்தார். பெயர் மாற்றியதால் மட்டும் கார் நல்லதாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக வடிவமைத்த டாரஸ் வர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

2008இல் சோதனை வந்தது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 140 டாலரைத் தாண்டியது; டிரக்குகள் விற்கவில்லை. அந்த மாதமே டிரக்குகளும் எஸ்யூவிகளும் செய்யும் மூன்று ஆலைகளைச் சிறிய வாகனங்களுக்கு மாற்றுவதாக ஃபோர்டு அறிவித்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்து, கடன் சந்தை உறைந்து, காரே விற்காத நிலை வந்தது. அந்த ஆண்டு நஷ்டம் 1,400 கோடி டாலருக்கும் மேல். பங்கு விலை ஒரு டாலரை நெருங்கும் அளவுக்கு இறங்கியது. நஷ்டக் கணக்கை மட்டும் பார்த்தால், முலாலி வந்த இரண்டு ஆண்டுகளில் நிறுவனம் முன்பைவிட மோசமாகியிருந்தது. எந்த மாற்றத்தையும் ஓர் ஆண்டின் லாபநஷ்டத்தை வைத்து எடைபோடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அமெரிக்க அரசின் மீட்புப் பணத்தைப் பெற்று, 2009இல் திவால் நீதிமன்றம் வரை சென்றன. ஃபோர்டு அந்த மீட்புப் பணத்தைப் பெறவில்லை. 2006இல் அடமானம் வைத்து வாங்கிய பணம் கையில் இருந்தது. இதைச் சொல்பவர்கள் விட்டுவிடும் இரண்டு விவரங்களையும் சேர்த்துச் சொல்வது நேர்மை. தன் போட்டியாளர்களுக்கு உதவி கொடுங்கள் என்று நாடாளுமன்றக் குழுவின் முன் முலாலியும் பேசினார், ஏனென்றால் மூன்று நிறுவனங்களுக்கும் உதிரிபாகம் தருபவர்கள் பெரும்பாலும் அதே நிறுவனத்தார்தான். அவர்கள் விழுந்தால் ஃபோர்டின் உற்பத்தி வரிசையும் நின்றுவிடும். மேலும், எரிபொருள் சிக்கனமான வாகனங்களை உருவாக்குவதற்கென்று அரசின் எரிசக்தித் துறை அளித்த 590 கோடி டாலர் கடனை 2009இல் ஃபோர்டும் பெற்றது. அரசின் துணையே இல்லாமல் ஒற்றை மனிதர் மீட்டார் என்பது முழு உண்மை ஆகாது.

2009இல் ஏறத்தாழ 270 கோடி டாலர் லாபம் வந்தது. 2010இல் அது 660 கோடியானது. 2012 மே மாதம் கடன் தகுதியை மதிப்பிடும் நிறுவனங்கள் ஃபோர்டின் மதிப்பீட்டை உயர்த்தியதும், அடமானத்திலிருந்த ஆலைகளும் அந்த நீலச் சின்னமும் விடுபட்டன.

விலை கொடுத்தவர்கள்

2006 இறுதியில் ஃபோர்டில் ஏறத்தாழ 2,83,000 பேர் வேலை செய்தார்கள். 2009 இறுதியில் ஏறத்தாழ 1,98,000 பேர். பிராண்டுகளை விற்றபோது அவற்றோடு போனவர்களும் இந்தக் குறைவில் அடங்குவர். ஆனாலும் வட அமெரிக்காவில் ஆலைகள் மூடப்பட்டன, விலகுபவர்களுக்குத் தொகை கொடுத்து அனுப்பினார்கள். ஆலைக் குறைப்புத் திட்டம் முலாலி வருவதற்கு முன்பே, 2006 ஜனவரியில் தொடங்கியிருந்தது; அவர் அதை நிறுத்தவில்லை. 2007இல் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில், ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவை நிறுவனத்தின் கணக்கிலிருந்து தனி அறக்கட்டளைக்கு மாற்றவும், புதிதாகச் சேருபவர்களுக்குக் குறைந்த ஊதியம் தரவும் சங்கம் இசைந்தது. ஒரே வரிசையில் அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இருவேறு கூலி என்ற நிலைக்கு அங்கே வழி பிறந்தது. தலைவரின் சாதனை என்று எழுதப்படும் எண்களுக்குள் இந்தத் தொழிலாளர்களின் விட்டுக்கொடுத்தலும் இருக்கிறது. அதைத் தனியே பிரித்துக் காட்டாத எந்த விளக்கமும் குறையுடையது என்றே நான் கருதுகிறேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. உலகம் முழுவதற்கும் ஒன்றாகச் செய்த அந்தப் புதிய ஃபியஸ்டாவிலும் ஃபோகஸிலும் பொருத்திய இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பெட்டி, ஓடும்போது அதிர்வதாகவும் தயங்குவதாகவும் ஏராளமான உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். அமெரிக்காவில் வழக்கு தொடுக்கப்பட்டுச் சமரசத்தில் முடிந்தது; ஆஸ்திரேலியாவில் அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உண்மையைச் சொல்லத் தூண்டும் அறை இருந்த அதே ஆண்டுகளில் உருவான கார்கள் அவை. ஒரே பாகத்தை உலகெங்கும் பொருத்தினால் செலவு மிச்சமாகும் என்பதற்கு மறுபக்கமும் உண்டு: அந்தப் பாகம் பழுதானால், பழுதும் உலகெங்கும் போகும்.

போனபின் எஞ்சியது

2014 ஜூலை 1 அன்று முலாலி ஓய்வுபெற்றார். அவருக்குப் பின் வந்த ஃபீல்ட்ஸ் 2017 மே மாதம் விலக்கப்பட்டார். ஜிம் ஹேக்கெட் வந்தார். 2020 அக்டோபரில் ஜிம் ஃபார்லி வந்தார். 2018இல், வட அமெரிக்காவில் மஸ்டாங்கைத் தவிர ஏறத்தாழ எல்லாக் கார்களையும் கைவிட்டு, டிரக்குகளிலும் எஸ்யூவிகளிலும் மட்டும் கவனம் செலுத்துவதென்று நிறுவனம் முடிவெடுத்தது. பழைய பெயரைத் தேடியெடுத்து முலாலி சூட்டிய டாரஸ், 2019 மார்ச்சில் சிகாகோ ஆலையில் நின்றுபோனது. இது அவருடைய தோல்வியா, காலத்தின் மாற்றமா என்று என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஒரு தலைவர் விட்டுச்செல்லும் பொருள்கள், அவர் விட்டுச்செல்லும் பழக்கங்களைவிட விரைவில் மறைகின்றன என்பது மட்டும் தெரிகிறது.

இந்தக் கதையின் ஒரு கிளை சென்னைக்கு அருகிலும் ஓடியது. மறைமலை நகரிலிருந்த ஃபோர்டு ஆலையை விரிவுபடுத்த 2008இல் 50 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தார்கள். 2009 செப்டம்பரில் முலாலி தாமே டெல்லிக்கு வந்து ஃபிகோ என்ற சிறிய காரை அறிமுகப்படுத்தினார். 2010இல் அது மறைமலை நகரிலிருந்து விற்பனைக்கு வந்தது. எக்கோஸ்போர்ட் அங்கிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியானது. ஜி.எஸ்.டி. சாலையில் வேலை நேரம் மாறும்போது நிறுவனப் பேருந்துகள் வரிசையாகப் போன அந்த ஆண்டுகளில், பயிற்சியாளராகச் சேர்ந்து நிரந்தரமாகி, கடன் வாங்கிப் பக்கத்து ஊர்களில் வீடு கட்டியவர்கள் பலர். 2021 செப்டம்பரில், முந்தைய 10 ஆண்டுகளில் இந்தியாவில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டமாகிவிட்டதாகச் சொல்லி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. குஜராத்தின் சாணந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. மறைமலை நகரின் கடைசிக் கார் 2022இல் வரிசையை விட்டு இறங்கியது. ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழ்நாடு அரசுக்கு 2024 செப்டம்பரில் நிறுவனம் கடிதம் கொடுத்தது. சின்னத்தை அடமானம் வைத்த முடிவும், ஃபிகோவை இங்கே செய்யும் முடிவும், இங்கே செய்வதை நிறுத்தும் முடிவும், திரும்பி வர விரும்பும் முடிவும் டியர்பார்னில் எடுக்கப்பட்டவை. அவற்றில் எதற்கும் மறைமலை நகரில் வரிசையில் நின்றவர்களிடம் யாரும் நிறம் கேட்கவில்லை.